நூற்றுப் பத்தொன்பது விரல்கள்

பஞ்சாலையில் பயிற்சி கொடுப்பது பெரிய வித்தையில்லை. கொடுத்த பயிற்சி அடுத்த வாரம் எங்கே போய்த் தொலைந்தது என்று தேடுவதுதான் வேலை.

உங்களுக்குத் தெரியாததா? பேங்கோ, பள்ளிக்கூடமோ, பஸ் டிப்போவோ, எங்கே வேலை பார்த்தாலும் வருஷத்துக்கு ஒரு நாள் உங்களையும் ஒரு ஹாலில் உட்கார வைத்து, திரையில் படம் காட்டி, கையெழுத்து வாங்கி அனுப்பியிருப்பார்கள். அன்றைக்கு என்ன சொன்னார்கள்? யோசியுங்கள், நான் இருக்கிறேன். வரவில்லை அல்லவா? அப்படியானால் நீங்கள் நம்ம ஆள்தான். மேலே படிக்கலாம்.

நான் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன். இராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் முப்பத்தாறு வருஷம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். ஊரில் என்னைப் பொய்யன் என்பார்கள். பொய்யில்லை. சொல்கிற விஷயத்தில் கொஞ்சம் பஞ்சு சேர்த்துச் சொல்வேன், அவ்வளவுதான். வீட்டில் சும்மா இருந்தவனை மேனேஜர் ராஜு சார் கூப்பிட்டு அனுப்பினார். "கார்டிங்ல பன்னெண்டு பேர் இருக்காங்க. நூத்திப் பத்தொம்பது விரல். இனிமே ஒண்ணுகூடக் குறையக் கூடாது. அதுதான் உங்க வேலை" என்றார். பன்னிரண்டு பேருக்கு நூற்றிருபதுதானே வரவேண்டும் என்று கணக்குப் போடுகிறீர்கள். பொறுங்கள், வருகிறேன்.

உளுந்த வடை

கார்டிங் என்பது பஞ்சைச் சீவுகிற மெஷின். தலைமுடியைச் சீப்பால் சீவுகிற மாதிரி. உள்ளே நெஞ்சு உயரத்துக்கு ஓர் உருளை. அதன் உடம்பு முழுக்க ஊசிப் பற்கள். இந்த உருளைக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. சுவிட்சை அணைத்ததும் சத்தம் நின்றுவிடும், உருளை நிற்காது. செத்த நேரம் தானாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். மில்லில் வருகிற விபத்தெல்லாம் அந்தச் செத்த நேரத்தில்தான் வரும்.

இதற்காக மதுரையிலிருந்து ஒருவரை வரவழைத்து, கேன்டீன் ஹாலில் ஒரு நாள் முழுக்க வகுப்பு நடத்தினார்கள். மூன்றே விதி. ஒன்று, சுவிட்சை அணை. இரண்டு, சுவிட்சுப் பெட்டியில் உன் பூட்டைப் போட்டுச் சாவியைப் பையில் வை. மூன்று, உருளை நிற்கிற வரை கதவைத் திறக்காதே. சிவப்புக் கயிறு கட்டிய சாவியோடு பன்னிரண்டு பேருக்கும் ஆளுக்கொரு பூட்டு கொடுத்தார்கள். கடைசியில் பரீட்சை வைத்தார்கள். பன்னிரண்டு பேரும் முழு மார்க்.

நாலாம் நாள் நான் கார்டிங்குக்குப் போனேன். சோழபுரத்திலிருந்து வருகிற கோமதி அங்கே மூத்த ஆள். நாற்பது வயது இருக்கும். வாயைத் திறந்தால் மெஷின் தோற்றுவிடும். "ஏட்டி கோமதி, அன்னைக்கு வகுப்புல என்னத்தச் சொன்னாக?" என்றேன். கன்னத்தில் கை வைத்து உத்தரத்தைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். பிறகு முகம் மலர்ந்து சொன்னாள்:

"உளுந்த வட அண்ணாச்சி! ஆளுக்கு ரெண்டு. சட்னிலதான் உப்பு கம்மி."

சாமுவேல் பார்த்த முகம்

அந்த ஒரு விரல் யாருடையது என்று இப்போது சொல்கிறேன். சாமுவேலுடையது. ஏழாம் நம்பர் மெஷினில் வேலை பார்க்கிறவன். ஞாயிறு தவறாமல் வெள்ளைச் சட்டை போட்டு வேதக்கோவிலுக்குப் போவான். வாரத்தில் மற்ற ஆறு நாளும் வாயைத் திறக்க மாட்டான். நான் வேலைக்குத் திரும்புவதற்கு எட்டு மாதத்துக்கு முன்னால் அவனுடைய வலது கை ஆள்காட்டி விரல் போயிற்று. அவனும் அதற்கு முந்தின வருஷம் ஒரு வகுப்பில் உட்கார்ந்து முழு மார்க் வாங்கியவன்தான்.

மெஷினைச் சுற்றியிருந்த பஞ்சை அவ்வளவையும் பிரித்துத் தேடியிருக்கிறார்கள். விரல் கிடைக்கவே இல்லை. அந்தப் பஞ்சு நூலாகி, செட்டியார்பட்டிப் பக்கம் கட்டுத் துணியாகி, எந்த ஊரில் யாருடைய காயத்தைச் சுற்றிக்கொண்டிருக்கிறதோ.

ஒரு நாள் டீ குடிக்கும்போது என்ன நடந்தது என்று கேட்டேன். டம்ளரை நாலு விரலால் பிடித்தபடி, மெஷினைப் பார்க்காமல் பதில் சொன்னான்:

"கரண்டு போச்சு, சத்தமும் நின்னுச்சு. கதவத் தொறந்தா உருள கண்ணாடி கணக்கா அசையாம நிக்கி அண்ணாச்சி. என் மூஞ்சி அதுல தெரிஞ்சுச்சு. நின்னுடுச்சான்னு பாக்க ஒத்த விரல நீட்டுனேன். வலியே இல்ல. உள்ள இருந்து யாரோ விரலப் பிடிச்சு 'வா'ன்னு கூப்ட்ட மாதிரி இருந்துச்சு."

கையை வை

அதற்கப்புறம் நான் வகுப்பே எடுக்கவில்லை. தினமும் ஒரு மெஷின், ஒரு ஆள், இரண்டே நிமிஷம். பக்கத்தில் போய் நிற்பேன். "சாவி எங்க?" என்பேன். வேறு ஒரு வார்த்தை பேச மாட்டேன். அவர்கள் சுவிட்சை அணைத்து, பூட்டி, சாவியை எடுத்துக் காட்டி, உருளை நிற்கிற வரை என்னோடு நிற்க வேண்டும். தப்பு செய்தால் திட்ட மாட்டேன். மறுநாள் மறுபடி வருவேன். அது திட்டுவதைவிடக் கொடுமை என்று பிற்பாடு சொன்னார்கள்.

ஷிஃப்டு முடிந்ததும் கழிவுப் பஞ்சு பிரிக்கிற நீள மேசையைச் சுற்றி எல்லாரையும் நிறுத்துவேன். மேசை மேல் அரைச் சாண் உயரத்துக்குப் பஞ்சு. பன்னிரண்டு பேரும் இரண்டு கையையும் அதில் அழுத்தி வைக்க வேண்டும். வெள்ளைப் பஞ்சில் கறுத்த விரல்களை ஒவ்வொன்றாகச் சத்தமாக எண்ணுவேன். நூற்றுப் பத்தொன்பது வந்தால்தான் வீட்டுக்கு விடுவேன். முதல் வாரம் சிரித்தார்கள். இரண்டாம் வாரம் சலித்துக்கொண்டார்கள். மூன்றாம் வாரம் நான் கூப்பிடாமலே வந்து கையை வைத்தார்கள். சொல்லிக் கொடுத்தது உடம்பில் ஊறிவிட்டது என்று எனக்கு ஒரே பெருமை. அப்போதுதான் கோமதி கேட்டாள்:

"எங்க கைய எல்லாம் எண்ணுதீக, சரி. ஒங்க கைய யாரு அண்ணாச்சி எண்ணுவா?"

சோழபுரத்துப் புகார்

ஒரு நாள் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் ஒருவர் என் சட்டையைப் பிடித்து நிறுத்தினார். கோமதியின் வீட்டுக்காரர். சாது. கத்தரிக்காய் கொண்டுவந்து சந்தையில் போட்டுவிட்டுத் திரும்புகிறவர். "எம் பொண்டாட்டிக்கு என்ன செஞ்சு வச்சிருக்கீக?" என்றார். மிக்சியை அணைத்தால் பிளக்கைப் பிடுங்கி மடியில் செருகிக்கொள்கிறாளாம். மூடியைத் திறக்காமல் அதையே முறைத்துப் பார்த்துக்கொண்டு நிற்கிறாளாம். சட்னி கேட்டால் "இருங்க, இன்னும் நிக்கல" என்கிறாளாம்.

அதுகூடப் பரவாயில்லை என்றார். வேலை முடிந்து வந்து ராத்திரி கண்ணயர்கிறவள், தூக்கத்திலேயே எழுந்து உட்காருகிறாளாம். கண் மூடியேதான் இருக்கிறது. பக்கத்தில் படுத்திருக்கிற இவருடைய கையை எடுத்துத் தலையணை மேல் அழுத்தி, ஒவ்வொரு விரலாகத் தொட்டு எண்ணுகிறாளாம். அந்த நேரத்தில் அவள் விரல் ஐஸ் மாதிரி இருக்கிறதாம். எழுப்பவும் பயம், கையை உருவவும் பயம். கண் கலங்கிப்போய்ச் சொன்னார்:

"பத்து இருக்குன்னு தெரிஞ்ச பொறவுதான் அண்ணாச்சி குறட்ட விடுதா. என்னைக்காவது ஒண்ணு கொறைஞ்சா என்ன செய்வாளோன்னு நான் முழிச்சுக் கிடக்கேன்."

பஞ்சு மூட்டைக்குள் நான்

ஆனாலும் எனக்கு ஒரு சந்தேகம். நான் நிற்கும்போது பூட்டுகிறார்கள். நான் இல்லாதபோது? கண்டுபிடிக்க ஒரே வழிதான். ஒரு பஞ்சு மூட்டையைப் பிரித்து உள்ளே உட்கார்ந்து, மூக்கு மட்டும் வெளியே தெரிய மூன்று மணி நேரம் இருந்தேன். இதை நம்ப மாட்டீர்கள், நம்பாதீர்கள். ஆனால் பார்த்தது நிஜம். பன்னிரண்டு பேரில் ஐந்து பேர் சாவியைத் தொடவே இல்லை. ஆத்திரத்தில் எனக்குத் தும்மல் வந்துவிட்டது. மூட்டை தும்மியதைக் கண்டு இரண்டு பேர் கேட் வரைக்கும் ஓடினார்கள்.

அந்த ஓட்டத்தைப் பார்த்ததும் எனக்குப் புத்தி வேறு பக்கம் போயிற்று. மறுநாள் டீ நேரத்தில் குரலைத் தாழ்த்தி ஒரு கதையை அவிழ்த்துவிட்டேன். சாமுவேலின் விரல் எங்கேயும் போகவில்லை, ஏழாம் நம்பருக்குள்தான் இருக்கிறது. பூட்டாமல் கதவைத் திறக்கிறவர்களை முதலில் தோளில் தட்டும், மீறினால் கையைப் பிடிக்கும் என்று. அன்று மாலைக்குள் பன்னிரண்டு பூட்டும் தொங்கின. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "ஏமண்டி, டிரெயினிங்குக்கு ஆள் எடுத்தா பேயைக் கூட்டிட்டு வந்திருக்கீங்க. அதுக்கெல்லாம் சம்பளம் கிடையாது, சொல்லிட்டேன்" என்றார்.

சிரித்துக்கொண்டே வெளியே வந்தேன். சாமுவேல் கதவோரம் நின்றிருந்தான். சிரிக்கவில்லை.

"என் விரல வச்சுக் கத கட்டாதீக அண்ணாச்சி. அதக் கண்டுபிடிச்சு அடக்கம் பண்ண முடியலன்னு நான் இன்னும் ஜெபத்துல அழுதுட்டு இருக்கேன்."

ஐந்தாவது பள்ளம்

அதோடு கதையை நிறுத்திவிட்டேன். சத்தியமாக நிறுத்திவிட்டேன். நான் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் போதாது என்று, "சாவி எங்க?" என்று ஒருவரை ஒருவர் கேட்க வைத்தேன். மாலையில் விரல் எண்ணுகிற வேலையையும் நாளுக்கொருவர் செய்தார்கள். அப்படி கோமதியின் முறை வந்த ஒரு நாள். மேசையைச் சுற்றி வந்து எண்ணி முடித்தாள். மறுபடி உதட்டுக்குள் கணக்குப் பார்த்தாள். "நூத்தி இருவது" என்றாள்.

யாரும் கையை எடுக்கவில்லை. நான் போய் எண்ணினேன். நூற்றுப் பத்தொன்பது. "ஏட்டி, பசி மயக்கமா?" என்று கேட்டு எல்லாரையும் கையை எடுக்கச் சொன்னேன். பஞ்சில் கை வைத்து எடுத்தால் பள்ளம் தெரியும். பஞ்சு மூச்சுவிட்டு நிமிர்கிற வரை அப்படியே இருக்கும். சாமுவேலின் வலது கை இருந்த இடத்தைப் பார்த்தேன். கட்டை விரலுக்குப் பக்கத்தில், எந்த விரலும் இல்லாத இடத்தில், மற்றதைவிட ஆழமாக ஒரு பள்ளம். நான் பார்க்கப் பார்க்க அது மெதுவாக நிமிர்ந்தது. கடைசியாக நிமிர்ந்தது அதுதான்.

இன்னொரு தடவை எண்ணலாம் என்று நான் வாயெடுப்பதற்குள் சாமுவேல் என் கையைப் பிடித்தான்.

"விடுங்க அண்ணாச்சி. மொதல்ல அவ சரியாத்தான் எண்ணுனா."

பத்து நாள் லீவு

பிறகு ஓர் அவசர ஆர்டர் வந்தது. கட்டுத் துணிக்காரர்களுக்கு நூல் உடனே வேண்டும். மேனேஜர், "அந்த ரெண்டு நிமிஷம், விரல் எண்ணிக்கை எல்லாம் பத்து நாளைக்கு நிறுத்தி வையுங்க. அதான் எல்லாரும் கத்துக்கிட்டாங்களே" என்றார். எனக்கும் ஊரில் ஆடிப்பூரத் தேர். வீட்டிலேயே இருந்துவிட்டேன்.

பதினோராம் நாள் திரும்பிப் போனால், கார்டிங் வாசலில் ஓர் ஆணி. அந்த ஆணியில் பன்னிரண்டு சிவப்புக் கயிறும் கொத்தாகத் தொங்குகின்றன. ஒரு சாவிகூடப் பையில் இல்லை. ஆறு மாதம் ஊற வைத்தது பத்து நாளில் காய்ந்துவிட்டது. சாயங்காலம் எண்ணும்போது வைத்துக்கொள்கிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போனேன். காலை பதினொரு மணி இருக்கும். கரண்டு போயிற்று. ஜெனரேட்டர் எடுப்பதற்குள் டீ குடித்துவிடலாம் என்று பன்னிரண்டு பேரும் கேன்டீனுக்குக் கிளம்பினார்கள். நான் மட்டும் தனியாக நின்றேன். அத்தனை மெஷினும் ஒன்றாக ஊமையானால் மில்லில் ஓர் அமைதி வரும். காதுக்குள் யாரோ பஞ்சை அடைத்த மாதிரி இருக்கும். ஏழாம் நம்பர் கதவிடுக்கில் பஞ்சு சிக்கியிருந்தது.

முப்பத்தாறு வருஷ சர்வீஸ். எனக்கு யார் சொல்லித் தர வேண்டும்? கதவைத் திறந்தேன். உருளை கண்ணாடி மாதிரி அசையாமல் நின்றது. ஜன்னல் வெளிச்சத்தில் என் மூஞ்சி அதில் தெரிந்தது. கையை நீட்டினேன். வலது தோளில் ஒரு தட்டு. ஒரே ஒரு விரல். அழுத்தமாக இரண்டு தடவை. கூடவே, "சாவி எங்க?" என்று ஒரு குரல். அது என் குரல். என் வாய் மூடியிருந்தது. நீட்டிய கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. பையில் ஒன்றுமில்லை. பன்னிரண்டு பேருக்குப் பூட்டு கொடுத்தபோது எனக்கென்று ஒன்று கேட்டு வாங்க எனக்குத் தோன்றவே இல்லை. இடுக்கிலிருந்த பஞ்சில் ஒரு பிடி எடுத்து உருளை மேல் போட்டேன். விழுகிற சத்தம்கூட வரவில்லை. பஞ்சு இல்லாமல் போயிற்று; நிற்கிற மாதிரி தெரிந்த உருளை சுற்றிக்கொண்டுதான் இருந்தது. திரும்பினேன். ஒரு ஈ காக்காய் இல்லை.

சாயங்காலம் ஆணியிலிருந்து சாவிகளை எடுத்து ஆளுக்கொன்றாக நானே கையில் கொடுத்தேன். திட்டவில்லை, திட்டுகிற வாய் எனக்கு இல்லை. மேசையைச் சுற்றி நிற்க வைத்து, முதல் முறையாக என் கையையும் பஞ்சில் வைத்தேன், சாமுவேலுக்குப் பக்கத்தில். கோமதி எண்ணினாள். "நூத்தி இருவத்தொம்பது. என்ன அண்ணாச்சி புதுசா இருக்கு?" என்றாள். நடந்ததைச் சொன்னேன். "அடுத்த கதய ஆரம்பிச்சிட்டாரு" என்று எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கத்தானே செய்வார்கள்? அந்தப் பேயைப் பெற்றவனே நான்தான். சாமுவேல் மட்டும் சிரிக்காமல் என் பின்னால் வந்தான். "எந்தத் தோளு?" என்று கேட்டான். காட்டினேன். சட்டையில் அந்த இடத்தில், விரல் நுனி அளவுக்கு வட்டமாகப் பஞ்சு ஒட்டியிருந்ததாம். அதைப் பிய்த்தெடுத்துத் தன் சட்டைப் பையில், சாவிக்குப் பக்கத்தில், பத்திரமாக வைத்துக்கொண்டான். பிறகு என் காதோரம் குனிந்து சொன்னான்:

"பத்து நாளா நீங்க வரல, நாங்களும் மறந்துட்டோம். அது ஒண்ணுதான் அண்ணாச்சி லீவு போடாம வந்திருக்கு."

வகுப்பில் சொன்னது வடையோடு செரித்துப் போகும் என்பதையும், தினமும் தோளைத் தட்டி ஞாபகப்படுத்துகிறவருக்குச் சம்பளமோ உடம்போகூட அவசியமில்லை, லீவு மட்டும் போடாமல் இருந்தால் போதும் என்பதையும், அறுபத்தெட்டு வயதில் பத்து விரலோடு உட்கார்ந்து எழுதித் தருகிறேன்.